எண்ணூர்ச் சேற்றைக் கணக்கில் எடுப்பது எப்படி? கடலடி மண்ணும் நீரும் கொடுக்கல் வாங்கல் செய்யும் ஊட்டச்சத்துக்கு முதல் மாடல்

எண்ணூர் முகத்துவாரத்தில் நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். மேலே பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய தோல். அதற்கு அடியில் கருப்பு. கால் இறங்க இறங்க அழுகிய முட்டை வாசம் வரும், கூடவே குமிழிகள். சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் அந்த நிறத்தையும் வாசத்தையும் வைத்தே இடத்தின் நலம் சொல்லிவிடுவார்கள். அவர்கள் கையால் படிப்பதை எண்ணாக மாற்றுவதுதான் இங்கே நாம் செய்யப்போகும் வேலை.

வடசென்னையில் வேதியியலோ விலங்கியலோ சூழலியலோ படித்துக்கொண்டு, எக்செல் ஓரளவு தெரிந்து, ‘கடல் மாடல் செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது’ என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு சொல் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். கணக்கை ‘மாடல்’ என்றும், குழாயில் எடுத்துவரும் சேற்றையும் நீரையும் ‘மாதிரி’ என்றும் எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பெரிய மென்பொருள் ஒன்றை இறக்கி, நீரோட்டம், அலை, பாசி எல்லாவற்றையும் ஓடவிடுகிறார்கள். அடித்தளம் மட்டும் அதில் சிமென்ட் தரை போல இருக்கும். விழுந்தது விழுந்ததுதான், திரும்பி வராது. நாலாயிரம் மீட்டர் ஆழக் கடலில் இதனால் பெரிய பிழை வராது. விழும் பாசித்துகளில் பெரும்பகுதி வழியிலேயே தின்னப்பட்டுவிடும், அடியில் சேர்வது மேலே திரும்பவும் காலம் பிடிக்கும். இரண்டு மீட்டர் ஆழமுள்ள கழிமுகத்தில் நிலைமை வேறு. நாளைக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இறங்கும் துகள் இரண்டே நாளில் சேற்றைத் தொட்டுவிடும். அங்கே அது சிதைந்து அம்மோனியமும் பாஸ்பேட்டும் நீருக்குத் திரும்பும், அதைப் பாசி மறுபடியும் எடுக்கும். இந்தச் சுழற்சியை விட்டுவிட்டால் ஆழமற்ற கடலின் கணக்கில் பாதி காணாமல் போய்விடும்.

முதலில் இடம், அப்புறம் கணினி

ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம், பக்கிங்காம் கால்வாய் வந்து கலக்கும் இடம், அனல்மின் நிலையத்தின் சூடான நீர் இறங்கும் பக்கம், பழவேற்காட்டை நோக்கிப் போகும் சதுப்பு என்று எண்ணூருக்குள்ளேயே நாலைந்து உலகங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மாடலில் அடைக்க முயன்றால் எதுவும் பிடிபடாது. சாம்பல் படிந்த இடத்தை முதல் முயற்சிக்கு எடுக்க வேண்டாம். நிலக்கரிச் சாம்பலின் அடர்த்தியும் நுண்துளைகளும் இயல்பான வண்டலைப் போல இருக்காது, அதனால் கீழே வரும் எண்கள் அங்கே பொருந்தா.

தனியாகப் போகாதீர்கள். அந்தச் சேற்றில் எங்கே கால் நிற்கும், எங்கே இடுப்பு வரை உள்ளே இழுக்கும் என்பது அந்தந்தக் குப்பத்தின் மீனவர்களுக்குத்தான் தெரியும். முகத்துவாரத்தில் மணல் எப்போது அடைக்கிறது, எந்த மாதம் தண்ணீர் ‘செத்துக் கிடக்கும்’ என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாடலுக்கு நீங்கள் தரப்போகும் முதல் தரவு அதுதான்.

காகிதத்தில் ஒரு கணக்கு

கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பக்கக் கணக்கு போடுங்கள். லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் என்பதும் கன மீட்டருக்கு ஒரு மில்லிமோல் என்பதும் ஒன்றே. இதை மனதில் ஏற்றிக்கொண்டால் அலகுச் சிக்கல்களில் பாதி தீர்ந்துவிடும்.

சேற்றுத் துகள்களுக்கு நடுவே உள்ள நுண்துளை நீரில், ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், அம்மோனியம் லிட்டருக்கு 200 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள நீரில் 5. சேற்றின் கன அளவில் 80 சதவீதம் நீர், அதாவது நுண்துளைப் பங்கு 0.8. தெளிந்த நீரில் அம்மோனியம் நாளைக்குச் சுமார் 1.7 சதுர சென்டிமீட்டர் வேகத்தில் விரவும், அதாவது செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானே பரவும். சேற்றுக்குள் அது துகள்களைச் சுற்றி வளைந்து நெளிந்து போக வேண்டும். அதற்காக, ஒன்றிலிருந்து நுண்துளைப் பங்கின் வர்க்கத்தின் இயல் மடக்கையைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 0.8க்கு அது 1.45. ஆகவே விரவல் 1.2 ஆகக் குறைகிறது.

இப்போது நுண்துளைப் பங்கு, விரவல், செறிவுச் சரிவு (ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு 195 மைக்ரோமோல்) மூன்றையும் பெருக்குங்கள். ஒரு சதுர மீட்டர் சேற்றிலிருந்து நாளைக்கு 1.9 மில்லிமோல் அம்மோனியம் மேலே வருகிறது. இரண்டு மீட்டர் நீரில் இது நாளைக்கு 0.9 மைக்ரோமோல் ஏற்றம். கழிமுகத்து நீர் இரண்டே நாளில் கடலோடு மாறிவிட்டால் சேற்றின் பங்கு 2 மைக்ரோமோலைத் தாண்டாது. முகத்துவாரம் அடைத்து நீர் இருபது நாள் தேங்கினால் அதே சேறு, அதே வேகம், ஆனால் 19 மைக்ரோமோல். பாசி எடுப்பதை இதில் கழிக்கவில்லை. கழிக்காமலேயே மணல்மேட்டின் முக்கியத்துவம் தெரிகிறது. முகத்துவாரத்தைத் தூர்வாருங்கள் என்று மீனவர்கள் ஆண்டாண்டாய்க் கேட்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

இரண்டு பெட்டி மாடல்

முதல் மாடலுக்கு இரண்டு பெட்டி போதும். மேலே இரண்டு மீட்டர் நீர், கீழே பத்து சென்டிமீட்டர் சேறு. புழுக்களும் நண்டுகளும் சேற்றைக் கிளறுவது உலகம் முழுக்கச் சராசரியாகப் பத்து சென்டிமீட்டர் ஆழம் வரைதான், அதனால் அந்த அளவு. நைட்ரஜனை மட்டும் பின்தொடருங்கள்.

சேற்றில் உள்ள கரிம நைட்ரஜனின் மாற்றம் என்பது, மேலிருந்து விழுவதில் சிதைவதையும் ஆழத்தில் புதைவதையும் கழித்தது. நீரில் உள்ள அம்மோனியத்துக்கு, சிதைவில் திரும்பி வரும் பங்கை ஆழத்தால் வகுத்துக் கூட்டி, கால்வாயிலிருந்து வருவதையும் கூட்டி, பாசி எடுப்பதையும் கடலுக்குப் போவதையும் கழிக்க வேண்டும். எக்செலில் ஒரு நாளுக்கு ஒரு வரி என்று இழுத்துவிட்டால் ஓர் ஆண்டு 365 வரியில் முடிந்துவிடும்.

‘திரும்பி வரும் பங்கு’ என்றேன். அதில்தான் சேற்றின் பெரிய உதவி இருக்கிறது. அம்மோனியம் மேல்தோலில் ஆக்சிஜனைத் தொட்டு நைட்ரேட் ஆகிறது. அந்த நைட்ரேட் ஆக்சிஜன் இல்லாத அடுக்குக்கு இறங்கினால் பாக்டீரியா அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றுக்கு அனுப்பிவிடும். கழிவுநீரில் வந்த நைட்ரஜனைச் சேறு இப்படித்தான் ஓசையில்லாமல் கழிக்கிறது. சில கடலோர மாடல்களில், அடியில் விழும் நைட்ரஜனில் 25 சதவீதம்தான் அம்மோனியமாகத் திரும்பும், மீதி வாயுவாகும் என்று ஒரே எண்ணாக வைத்துவிடுகிறார்கள். அடிநீரில் ஆக்சிஜன் நிறைந்த கடலுக்கு அது சரி. ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் நைட்ரேட்டே உருவாகாது. வாயுவாகும் வழி அடைபட்டு, கிட்டத்தட்ட எல்லாமே அம்மோனியமாகத் திரும்பும். எண்ணூருக்கு இந்தப் பங்கை 0.25 முதல் 1 வரை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஒரே எண்ணில் நிறுத்திவிடாதீர்கள்.

விழுவதற்கு ஓர் எடுகோள் எண்: நாளைக்குச் சதுர மீட்டருக்கு 20 மில்லிமோல் கார்பன். பாசியில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் 106க்கு 16க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். ஆல்ஃப்ரெட் ரெட்ஃபீல்ட் கடல்நீரில் கண்ட விகிதம் என்பதால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அதன்படி 20 மில்லிமோல் கார்பனோடு 3 மில்லிமோல் நைட்ரஜன் விழும். சிதைவு வேகம் நாளைக்கு 0.02, அதாவது இருப்பதில் இரண்டு சதவீதம் என்றால், சேற்றில் 150 மில்லிமோல் வரை சேர்ந்து நிலைபெறும். மேலே உள்ள இரண்டு மீட்டர் நீரில் கனிம நைட்ரஜன் 20 மைக்ரோமோல் என்றால் அங்கே இருப்பது 40 மில்லிமோல்தான். சேற்றின் மேல் பத்து சென்டிமீட்டரில் அதைப்போல நாலு மடங்கு காத்திருக்கிறது.

இப்போது மேலிருந்து விழுவதைச் சுழியமாக்கி ஓட்டுங்கள். இதை எல்லோரையும் செய்யச் சொல்வேன். பாதி கரைய 35 நாள், பத்தில் ஒரு பங்காகச் சுருங்க 115 நாள் ஆகும். கழிவுநீரை இன்றைக்கே நிறுத்தினாலும் நாலு மாதம் வரை சேறு பழைய கடனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ‘சுத்திகரிப்பு நடக்கிறது, ஆனால் தண்ணீர் மாறவில்லையே’ என்ற கேள்விக்கு ஒரு விடை இந்த வரைபடத்தில் இருக்கிறது.

நான் செய்த தவறு

இந்த இடத்தில் நான் பல வாரம் வீணாக்கினேன். ஆய்வகத்தில் சேற்றின் கரிம கார்பனை அளந்து, வந்த சதவீதத்தை அப்படியே மாடலில் போட்டேன். உங்களுக்கும் அந்தத் தூண்டல் வரும். 0.8 நுண்துளைப் பங்குள்ள சேற்றில், பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, சதுர மீட்டருக்கு 53 கிலோ உலர்ந்த மண் இருக்கும். அதில் இரண்டு சதவீதம் கார்பன் என்றால் சுமார் 88 மோல். அத்தனையும் நாளைக்கு 0.02 வேகத்தில் சிதைகிறது என்று சொன்னால் மாடல் நாளைக்கு 1,770 மில்லிமோல் கார்பனைச் சிதைக்கும், நீரின் ஆக்சிஜன் ஆறு மணி நேரம்கூடத் தாங்காது. என் மாடலில் ஒவ்வொரு நாளும் மீன் செத்தது, முகத்துவாரத்திலோ வலையில் இறால் விழுந்துகொண்டிருந்தது.

சேற்றின் கார்பனில் பெரும்பகுதி பழையது, ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைவது. புதிதாக விழுந்து வாரங்களில் சிதையும் பங்கு, மேலே சொன்ன கணக்கில், 88 மோலில் ஒரே ஒரு மோல். ஆய்வக எண் இரண்டையும் சேர்த்தே காட்டும். ஆகவே வேகமான பங்கு, மெதுவான பங்கு என்று இரண்டு தொட்டி வையுங்கள். வேகமான தொட்டியை அளந்த சதவீதத்திலிருந்து தொடங்காமல், மேலிருந்து விழும் அளவிலிருந்து கட்டுங்கள்.

இன்னொன்று, வெப்பம். புத்தகங்களில் கிடைக்கும் சிதைவு வேகங்களில் பல வட ஐரோப்பியக் கடல்களில், 10 டிகிரி அளவில் எடுத்தவை. பத்து டிகிரி ஏறினால் வேகம் இரண்டு மடங்காகும் என்பது பொது வழக்கு. நம் 30 டிகிரிக்கு அது நாலு மடங்கு. எண்ணை எடுக்கும்போதே எந்த வெப்பநிலையில் எடுத்தது என்று பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு நாள்

மாடலை எதோடு ஒப்பிடுவது? இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குழாயைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி, அடியில் ரப்பர் மூடி போட்டு, மேலே உள்ள நீர் கலங்காமல் எடுங்கள். பழுப்புத்தோல் உடையாமல் வந்தால்தான் அது நல்ல மாதிரி. கலங்கியதை அங்கேயே கொட்டிவிட்டு வேறு எடுங்கள்.

அதே இடத்து நீர் நிரப்பிய வாளியில், அதே வெப்பத்தில், கருப்புத் துணி போர்த்தி வையுங்கள். மேல்நீரை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சேறு கிளம்பக்கூடாது. தொடக்கத்தில், பிறகு மூன்று, ஆறு, பன்னிரண்டு மணியில் கொஞ்சம் நீர் எடுத்து வடிகட்டி அம்மோனியம் பாருங்கள். மேல்நீர் 20 சென்டிமீட்டர் இருந்து, பன்னிரண்டு மணியில் 4 மைக்ரோமோல் ஏறினால், சேற்றின் பாய்வு, அதாவது சேற்றிலிருந்து நீருக்கு வருவது, சதுர மீட்டருக்கு நாளைக்கு 1.6 மில்லிமோல். காகிதத்தில் போட்ட 1.9க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டும் மூன்று மடங்குக்குள் ஒத்தாலே மகிழ்ச்சிதான். அளந்தது மிக அதிகமாக வந்தால், புழுக்கள் தம் வளைகளில் நீரை இறைத்து விரவலை வேகப்படுத்துகின்றன என்று பொருள். குழாயைப் பிரித்துப் புழுக்களை எண்ணுங்கள்.

அதே சேற்றில் கொஞ்சத்தை எடைபோட்டு, 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி மறுபடி எடைபோடுங்கள். நூறு கிராம் 39 கிராமாக வந்தால் போனது 61 மில்லிலிட்டர் நீர். மீந்த மண்ணின் கன அளவு, 39ஐ மண்துகளின் அடர்த்தியான 2.65ஆல் வகுத்தால் 15 மில்லிலிட்டர். நுண்துளைப் பங்கு 0.8.

பகலில், வெயில் படும் மேட்டுச் சேற்றில் இதே சோதனையைத் துணி போர்த்தாமல் செய்தால் பாய்வு தலைகீழாக மாறலாம். சேற்றின் மேல் படரும் நுண்பாசி அம்மோனியத்தை வழியிலேயே பிடித்துவிடும். கலங்கிய ஆழப்பகுதியில் அந்த வெளிச்சம் அடிவரை போகாது. மேட்டையும் பள்ளத்தையும் ஒரே எண்ணால் குறிக்காதீர்கள்.

அடுக்கு மாடல் எப்போது வேண்டும்?

இரண்டு பெட்டி நன்றாக ஓடிய பிறகே இதற்கு வாருங்கள். ஆக்சிஜன் சேற்றில் எவ்வளவு ஆழம் போகிறது என்று முதலில் கணக்கிடுங்கள். நுண்துளைப் பங்கு, ஆக்சிஜனின் விரவல், மேல்நீரின் செறிவு மூன்றின் பெருக்கலை இரட்டித்து, சேறு குடிக்கும் ஆக்சிஜனால் வகுத்தால் ஆழம் கிடைக்கும். 30 டிகிரி கடல்நீரில் நிறைந்த ஆக்சிஜன் சுமார் 195 மைக்ரோமோல். சேறு நாளைக்கு 20 மில்லிமோல் குடித்தால் விடை சுமார் 2 மில்லிமீட்டர். முகத்துவாரத்தில் கண்ட பழுப்புத்தோலின் தடிமனும் இந்த அளவில்தான் இருக்கும். காகிதத்தில் போட்ட எண்ணைக் கண்ணால் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தத் தோலுக்குக் கீழே பாக்டீரியா வரிசையாக நைட்ரேட், மாங்கனீஸ், இரும்பு, சல்பேட் என்று எடுத்துக்கொண்டு, கடைசியில் மீத்தேனுக்குப் போகும். கருப்பு நிறம் இரும்பு சல்ஃபைடு. முட்டை வாசம் ஹைட்ரஜன் சல்ஃபைடு.

மொத்த நாடகமும் மில்லிமீட்டரில் நடப்பதால் மேலடுக்குகள் மெல்லியதாக, 0.2 மில்லிமீட்டர் அளவில் தொடங்கி, கீழே போகப் போகத் தடிக்க வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. இப்போதைய எண்ணிலிருந்தே அடுத்த எண்ணைக் கணக்கிடும் சாதாரண முன்னேற்ற முறையில், ஒரு மில்லிமீட்டர் அடுக்குக்கே நேரப்படி (கணக்கு ஒரு தடவை முன்னே தாவும் நேர இடைவெளி) ஆறு நிமிடத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் எண்கள் வெடித்துவிடும். அடுக்கு பாதியானால் நேரப்படி கால்வாசியாகும். ஆகவே சொந்தமாக எழுதாமல், ஆர் மொழியில் உள்ள ரியாக்ட்ரான், டிசால்வ் என்ற இலவசத் தொகுப்புகளைப் பயன்படுத்துங்கள். இப்படிப்பட்ட சிக்கலுக்காகவே எழுதப்பட்டவை.

பாஸ்பரஸை இந்த நிலையில்தான் சேர்க்க வேண்டும். பழுப்புத்தோலில் உள்ள இரும்புத் துரு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் துரு கரைந்து பாஸ்பேட் மொத்தமாக வெளியேறும். கடல்நீரில் சல்பேட் நிறைய உண்டு, அதிலிருந்து வரும் சல்ஃபைடு இரும்பைக் கட்டிவிடும், பாஸ்பேட்டைப் பிடிக்க இரும்பு மிஞ்சாது. அதனால் உப்புச் சேறு நன்னீர்ச் சேற்றைவிட எளிதாகப் பாஸ்பேட்டை விடும். பாஸ்பேட்டுக்கு நைட்ரஜனின் பாய்வை 16ஆல் வகுத்துப் போடும் குறுக்கு வழி எண்ணூரில் வேலைக்கு ஆகாது.

ஓட்டிப் பார்க்க வேண்டியவை

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மொத்த நைட்ரஜனைக் கூட்டுங்கள். உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனதைக் கழித்தால், பெட்டிகளில் ஏறிய அளவு வர வேண்டும். ஆயிரத்தில் ஒன்று பிசகினாலும் நிறுத்தித் தேடுங்கள். பெரும்பாலும் நுண்துளைப் பங்கை எங்கோ பெருக்க மறந்திருப்பீர்கள், அல்லது உலர்ந்த கிராமுக்கும் ஈரச் சேற்றின் லிட்டருக்கும் குழம்பியிருப்பீர்கள்.

அப்புறம் மழைக்காலம். பூண்டி ஏரியில் உபரிநீர் திறந்தால் அது கொசஸ்தலையாற்றில் எண்ணூருக்குத்தான் வரும். செய்தித்தாளில் கன அடியில் தருவார்கள். நொடிக்கு 10,000 கன அடி என்றால் 283 கன மீட்டர், ஒரு நாளைக்குச் சுமார் 2.4 கோடி கன மீட்டர். அந்த நாட்களில் நீர் தங்கும் காலம் மணிக்கணக்காகச் சுருங்கும். சேற்றின் பாய்வு அதேபடி இருக்க, நீரில் அதன் தடம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது, 26ஆம் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அந்த மாதத்து அளவுகள் கிடைத்தால் பத்திரமாக வையுங்கள், ஆனால் சராசரிக்குள் கலக்காதீர்கள்.

கலக்கலையும் ஒருமுறை கணக்கிடுங்கள். அலை மேல் ஒரு சென்டிமீட்டரைக் கிளறினால், அதன் நுண்துளை நீரில் சராசரி 100 மைக்ரோமோல் அம்மோனியம் என்று வைத்தால், வெளிவருவது 0.8 மில்லிமோல், அதாவது அரை நாள் பாய்வு. நான் எதிர்பார்த்ததைவிட இது சிறியது. அலைக் கிளறலில் உண்மையான பாதிப்பு ஆக்சிஜனுக்குத்தான், கருப்பு இரும்பு சல்ஃபைடு மேலே வந்து அதைக் குடித்துவிடும். தூர்வாரும் இயந்திரம் ஒரு மீட்டர் தோண்டினால் அம்மோனியமும் பெரிய கணக்காகிவிடும். அதற்குத் தனி ஓட்டம் வையுங்கள்.

கடைசியாக, முகத்துவாரம் திறந்த நிலையில் ஒன்று, மூடிய நிலையில் ஒன்று என்று இரண்டு ஓட்டங்களை ஏப்ரல் மாத வெப்பத்தில் ஓட்டி, ஆக்சிஜன் அளவைக் காட்டும் கோடுகளை மட்டும் ஒரே தாளில் வரைந்து அச்செடுங்கள். முதல் நாள் உங்களைச் சேற்றில் கைபிடித்துக் கூட்டிப் போனவரிடம் அந்தத் தாளைக் காட்டி, தண்ணீர் செத்துக் கிடப்பதாக அவர் சொன்ன வாரங்களைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். கோடும் பென்சில் குறியும் விலகி நிற்கும் இடத்தில்தான் அடுத்த மாதிரியை எடுக்கப் போக வேண்டும்.